அம்மாவின் ஒரிஜினல்கள்

என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். வாசிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் இருந்த எந்தக் காகிதம் எது என்று கேட்டாலும், மடிப்பையும் நிறத்தையும் பார்த்தே சொல்லிவிடுவார். நீளமாக, பழுப்பேறி இருப்பது அப்பாவின் பிறப்புச் சான்றிதழ். நான்காக மடித்து நடுவில் ஒட்டுப் போட்டிருப்பது கல்யாணப் பதிவு. பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது பிரஜாவுரிமைச் சான்றிதழ். இவற்றோடு தம்பியின் தடுப்பூசி அட்டை, என் முதலாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கை, இந்தியாவிலிருந்து பெரியப்பா எழுதிய நீல நிற ஏரோகிராம்கள் எல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. டின் அம்மாவின் தலைமாட்டில் இருந்தது.

அந்தக் காகிதங்களைப் பொறுத்தவரை அம்மாவிடம் ஒரே ஒரு சட்டம்தான். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்கக் கூடாது.

"காப்பிய குடு. ஒரிஜினல கையில புடிச்சிக் காட்டு. மேசைக்கு மேல வைக்காத."

நான் பிறப்பதற்கு முன்னால் ஓர் அலுவலகத்தில், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அப்பாவின் பிறப்புச் சான்றிதழை ஒருவர் வாங்கி வைத்தாராம். மறுநாள் போனபோது அப்படி ஒன்றை வாங்கவே இல்லை என்றார்களாம். இன்னொன்று எடுப்பதற்கு அப்பா வேலைக்குப் போகாமல் நடையாய் நடந்திருக்கிறார். அது கைக்கு வரும் வரைக்கும் பிரஜாவுரிமை விண்ணப்பம் அப்படியே கிடந்திருக்கிறது. அந்த வருடங்களில் அம்மா என்ன பயம் பயந்தார் என்பதை அவர் ஒருபோதும் விவரித்ததில்லை. டின்னின் மூடியை அழுத்தி மூடும் விதத்தில் தெரியும்.

நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நூலக உதவியாளராக வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் கல்லூரியில் ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். தொடங்கியவர் வரலாறு படிப்பிக்கும் ஒரு விரிவுரையாளர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். அவரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதான். விளையாட்டுச் சாமான்கள் அடைத்து வைத்திருந்த அறையை எங்களுக்குக் கொடுத்தார்கள். வலைகளையும் காற்றுப் போன பந்துகளையும் வெளியே எடுத்துப் போட்டு, சுவரில் இருந்த பூஞ்சணத்தைச் சுரண்டி, இரண்டு இரும்பு அலுமாரிகளை வைத்தோம். ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்றும் வந்தது. காலையில் அதன் வாளியை எடுத்து ஊற்றுவதுதான் என் முதல் வேலை. இந்த ஊரில் காற்றிலிருந்தே அரை வாளித் தண்ணீர் எடுக்கலாம்.

"தொரைமாரு நம்மளப் பத்தி எழுதி வச்சது கொழும்புலயும் இருக்கு, லண்டன்லயும் இருக்குக்கா" என்றார் அந்த மிஸ். "நம்ம ஆளுங்க நம்மளப் பத்தி வச்சிருக்கிறது மட்டும் எங்கயும் இல்ல. அது லயத்துல, தலகாணிக்குக் கீழதான் இருக்கு."

எனக்கு உடனே அம்மாவின் டின் ஞாபகம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டன் பிரிட்ஜ் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். அம்மா தம்பி குடும்பத்தோடு நாங்கள் பிறந்த அதே லயத்து வரிசையில், அதே ஒற்றையறைக் காம்பராவில் இருக்கிறார். பின்னால் இரண்டு அறை இழுத்துக் கட்டியிருக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். விஷயத்தைச் சொன்னேன்.

"காலேஜுக்கு எதுக்குடி எங்க கல்யாணச் சேட்டிபிகேட்டு?" என்றார் அம்மா.

"படிக்கிற பிள்ளைங்க பாப்பாங்கம்மா."

"பாத்துட்டு?"

நூலகத்தில் இத்தனை வருடம் இருந்தும் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அம்மா டின்னை மூடினார்.

"ஒன் வேலைக்கு ஒதவும்னா காப்பி எடுத்துக்க. அதுவும் நீ எடுத்துட்டு வர்ற வரைக்கும் நானும் கூட வருவேன்."

அப்படியே அம்மாவோடு டவுனுக்குப் போய்ச் சான்றிதழ்களை மட்டும் பிரதி எடுத்தேன். கடைக்காரர் கண்ணாடி மேல் ஒவ்வொன்றாக வைக்கும்போது அம்மா மறுபக்கத்தில் கையை நீட்டியபடியே நின்றார். மிஸ்ஸிடம் பிரதிகளைக் கொடுத்து, இவ்வளவுதான் முடிந்தது என்றேன். "இதுவே பெரிசுக்கா" என்றார். அவருக்குப் பொறுமை அதிகம். மற்றத் தோட்டங்களிலும் அதே கதைதான். தேநீர் கொடுத்தார்கள், பெட்டியைத் திறந்து காட்டினார்கள், மூடினார்கள். ஒருவரும் ஒரிஜினல் தரவில்லை. எங்கள் இரும்பு அலுமாரியில் பாதிக்குமேல் காலியாகவே கிடந்தது.

அடுத்த வருடம் வைகாசி மழை வழக்கத்தைவிடப் பலமாகப் பிடித்தது. ஐந்து நாள் விடாமல் கொட்டியது. ஒரு பின்னேரம் தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, மேட்டு லயத்துக்கு மேல நெலம் வெடிச்சிருக்கு. கிராம சேவகரு வந்து எல்லாத்தையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிட்டாரு. நாங்க பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டோம், பயப்படாத."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. அதட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் காலை கிளம்பினேன். ரோட்டில் மரம் விழுந்திருந்ததால் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு மிச்சத் தூரத்தை நடந்தேன். பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது பருப்பு வேகும் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் ஒன்றாக அடித்தன. இரண்டு லயத்துக் குடும்பங்களும் அங்கே இருந்தன. ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. சின்னப் பிள்ளைகள் வகுப்பறை மேசைகளுக்குக் கீழே வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி வாங்கில் உட்கார்ந்திருந்தார். மடியில் டின். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்கில் அதைச் சுற்றியிருந்தார். பக்கத்தில், சுவரில் மாட்டியிருந்த எங்கள் குடும்பப் படம், கண்ணாடிச் சட்டத்தோடு.

"அண்ணி, அத்த சங்கிலிய அலுமாரியிலயே விட்டுட்டு இதுகளத் தூக்கிட்டு ஓடியாந்துட்டாங்க" என்றார் தம்பியின் மனைவி.

"சங்கிலி போனா எவனும் என்ன இந்த நாட்டவிட்டுப் போன்னு சொல்ல மாட்டான்" என்றார் அம்மா.

மூடியைத் திறந்தேன். டின்னின் அடியில் துருப்பிடித்து ஓர் ஓட்டை விழுந்திருந்தது யாருக்கும் தெரியாது. காகிதங்கள் எல்லாம் ஊறி, ஒரே கட்டியாக இருந்தன. அம்மா எட்டிப் பார்த்தார். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் அதைத்தான் கொண்டுவந்திருந்தார்கள். கடைப் பையில், தலையணை உறையில், பிள்ளையின் புத்தகப் பையில். ஓடிவந்த அவசரத்தில் ஆளுக்கொரு மூட்டை காகிதத்தைத்தான் எடுத்திருந்தார்கள். சமையல் நடந்த கொட்டகையில் இரண்டு பெண்கள் கல்யாணச் சான்றிதழை அடுப்பு நெருப்பில் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் அயர்ன்பாக்ஸ் இருக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"நெருப்புகிட்ட வைக்காதீங்க!" என்று கத்தினேன்.

என் குரலைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தோட்டத்தில் நான் சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. படித்து டவுனுக்குப் போனவள் என்று என்னைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தார்கள், நானும் தள்ளியே இருந்தேன். ஆனால் அன்றைக்கு எல்லோரும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அதற்குள் இன்னொரு தவறு நடந்துவிட்டது. தம்பி குடும்பப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றியிருந்தான். படம் நனைந்து கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. நகத்தை விட்டு ஒரு மூலையிலிருந்து உரித்துக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடிப்பதற்குள் இடது பக்கம் ஒரு விரலகலம் கிழிந்து, படத்தின் மேல்தோல் செதிலாக உரிந்து உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தில்தான் பெரியம்மாவின் முகம் இருந்தது.

பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போவதற்கு முந்திய வாரம், ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய மூத்த மகள், அப்பா, அம்மா, ஆறு வயதில் நான், கைக்குழந்தையாகத் தம்பி. எங்களுக்குப் பிரஜாவுரிமை இங்கே இலங்கையில் கிடைத்தது. அவர்களுக்கு அந்த நாட்டில் கிடைத்தது. ரயிலில் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார்கள். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவர்கள். பிறகு அவர்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. பெரியம்மா இறந்து பல வருடங்களாகிவிட்டன.

"அவ மொகம் மட்டுந்தான் போச்சா?" என்று கேட்டார் அம்மா.

"இனிமே ஒண்ணும் போகாதும்மா. நான் பாத்துக்கிறேன்" என்றேன். தம்பி சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான். ஐம்பது வயதை எட்டியவன், அடி வாங்கிய பிள்ளை மாதிரி நின்றான்.

மிஸ்ஸுக்குப் போன் பண்ணினேன். ஒட்டியதை உரிக்க வேண்டாம், கண்ணாடியோடு அப்படியே இருக்கட்டும், மற்றப் போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மத்தியானத்துக்குள் கல்லூரி வேனில், மரம் வெட்டிய பாதை வழியாக அவரே வந்து இறங்கினார். அச்சடிக்காத வெள்ளைக் காகிதச் சுருள், ஒற்றுத்தாள், இரண்டு மேசை மின்விசிறி, பிளாஸ்டிக் தட்டுகள் எல்லாம் கொண்டுவந்திருந்தார். கரண்டும் அப்போதுதான் வந்திருந்தது.

ஐந்தாம் வகுப்பு அறையை எடுத்துக்கொண்டோம். மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சோக்கினால் கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் காம்பரா நம்பர் எழுதினோம். மேட்டு லயம் மூணு, மேட்டு லயம் நாலு, பள்ள லயம் ஒண்ணு. ஒரு வீட்டுக் காகிதம் இன்னொரு வீட்டோடு கலந்துவிடக் கூடாது என்பதுதான் எல்லோருக்கும் பயம். கட்டத்தைப் பார்த்ததும் அந்தப் பயம் அடங்கியது. பெண்கள் வரிசையாக வந்தார்கள். மிஸ் ஒரு கட்டியை எடுத்து, சின்னத் தட்டையான கரண்டியால் மெதுவாக ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காட்டினார். அரை மணி நேரத்தில் அவரைவிட அவர்கள் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். கொழுந்தெடுத்த விரல்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளியவர்களுக்கு ஈரத்தாள் பெரிய விஷயமாக இல்லை.

சில காகிதங்கள் போயே போயின. மைப்பேனாவால் எழுதியவை நீல மேகமாகக் கலங்கிவிட்டன. பெரியப்பாவின் முதல் கடிதம் அப்படித்தான் போனது. ஆனால் அதற்குப் பிறகு அவர் குமிழ்முனைப் பேனாவில் எழுதியிருந்தார். எட்டுக் கடிதங்கள் எழுத்து மாறாமல் பிரிந்து வந்தன.

பின்னேரம் வேலை கொஞ்சம் தணிந்ததும், மிஸ் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதத் தொடங்கினார். எங்கள் கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"அம்மா, ஒங்க பேரு ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்காங்களே. எதும்மா சரி?"

"எழுதினவங்களக் கேளுங்க மிஸ்" என்றார் அம்மா. "ஒருத்தரு இங்கிலீஷ்ல கேட்டு எழுதினாரு, ஒருத்தரு சிங்களத்துல எழுதினாரு, ஒருத்தரு கேக்காமலே எழுதினாரு. மூணும் நாந்தான்."

"பொறந்த தேதியும் மூணு இருக்கு."

"அதுவும் நாந்தான்."

"அப்ப வருஷத்துக்கு மூணு தடவ கேக்கு வெட்டணுங்க" என்றார் பள்ள லயத்துப் பெண் ஒருவர். அறையே சிரித்தது. இன்னொருவர் தன் மாமனாரின் அட்டையைத் தூக்கிக் காட்டி, இதில் அவரைப் பெண் என்று போட்டிருக்கிறார்கள் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பிழையைத் தேடத் தொடங்கினார்கள். பெற்ற மகனைவிட வயது குறைந்த மாமியார், பிறப்பதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பையன், இப்படி. அத்தனை காலமும் யாருக்கும் தெரியக்கூடாது என்று மறைத்து வைத்திருந்த பிழைகள். அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த நான்காம் நாள் மழை விட்டது. மலை இறங்கவில்லை. வெடிப்புக்குப் பக்கத்தில் இருந்த ஆறு குடும்பங்களை மட்டும் பிள்ளை மடுவத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கட்டடத்தில், தற்காலிகமாகத் தங்க வைத்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். காய்ந்த காகிதங்களை வெள்ளைத்தாளுக்குள் வைத்து அவரவர் கையில் கொடுத்தோம். மிஸ் ஒருவரிடமும் எதையும் கேட்கவில்லை. வேனில் ஏறும்போது நானே கேட்டேன், ஏன் மிஸ் இப்போது கேட்கவில்லை என்று.

"நனைஞ்சி நிக்கிறவங்ககிட்ட கேட்டா நல்லாருக்காதுக்கா" என்றார்.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தை மட்டும் அம்மா நம்பி என்னிடம் விட்டார். அதற்கு வேறு வழியும் இருக்கவில்லை. கல்லூரியில் அதைக் கண்ணாடிக்கு மேலாகவே ஸ்கேன் செய்தோம். எல்லோரும் இருந்தார்கள். பெரியம்மாவின் முகம் இருந்த இடம் மட்டும் செதில் செதிலாக வெளுத்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சுவரோரம் நின்ற தம்பியின் முகம் எனக்கு ஞாபகம் வரும்.

பெரியப்பாவின் மகள் கோத்தகிரியில் இருக்கிறார். அங்கேயும் தேயிலைதான். தம்பியிடம் அந்த அக்காவின் வாட்ஸ்அப் நம்பர் இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பூப்படம் அனுப்பிக்கொள்வதோடு சரி. நான் அவருக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன். நடந்ததைச் சொல்லி, அந்தப் படத்தின் ஒரு பிரதி உங்களிடம் இருக்குமா என்று கேட்டேன். மறுநாள் நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. படம் வந்திருந்தது.

பார்த்தேன். அது எங்கள் படம் இல்லை.

அதே ஸ்டூடியோ. அதே நாற்காலி, பின்னால் அதே சீலையில் வரைந்த மாடிப்படி. அதே ஏழு பேர். ஆனால் எங்கள் வீட்டுப் படத்தில் எல்லோரும் கோர்ட்டுக்கு வந்தவர்கள் மாதிரி விறைத்து நிற்பார்கள். இதில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா தலையைப் பின்னால் சாய்த்து, பல் முழுவதும் தெரியச் சிரிக்கிறார். அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரிக்கிறார். அப்பாகூடச் சிரிக்கிறார். அப்பா பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பெரியப்பா மட்டும் தம்பியை இரண்டு கையாலும் தூரமாகத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

புத்தகங்களை அப்படியே வைத்துவிட்டு மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் வகுப்பில் இருந்தார். வகுப்பையே நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கையில் போனைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தூரமாக வைத்தும் கிட்ட வைத்தும் வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க இருந்திச்சி?"

"கோத்தகிரி அக்காகிட்ட. அவங்க வீட்டுப் படம் இதுதானாம்."

"கெட்டுப்போன படம்னு சொன்னாங்களே" என்றார் அம்மா. "இதுவா கெட்டுப்போன படம்?"

பிறகு சொன்னார். பெரியப்பா கப்பல் பயணத்துக்கென்று வெள்ளைச் சட்டை ஒன்று தைத்து, அதைப் போட்டுக்கொண்டுதான் படம் எடுக்க வந்தாராம். போட்டோக்காரர் ரெடி சொல்லும் நேரம், கடைசியாகக் கொஞ்சம் வைத்திருக்கிறேன் என்று தம்பியை வாங்கி நெஞ்சில் அணைத்திருக்கிறார். தம்பி அந்தச் சட்டையின் வயிற்றுப் பக்கம் முழுக்க நனைத்துவிட்டான்.

"அன்னைக்கி காலையில இருந்து நானும் அவளும் ஒருத்தி மொகத்த ஒருத்தி பாக்கல. பாத்தா அழுகதான வரும். இவன் மூத்திரம் பேஞ்சதும் அவதான் மொதல்ல சிரிச்சா. அப்புறம் எல்லாருக்கும் அடக்க முடியல. அந்த நேரம் பாத்து போட்டோக்காரரு அமுக்கிட்டாரு. படம் கெட்டுப்போச்சின்னு திட்டிட்டு இன்னொண்ணு எடுத்தாரு."

"நம்ம படத்துல பெரியப்பா சட்டையில ஈரம் இல்லையேம்மா."

"அதான் ஒன்ன முன்னால நிறுத்தினோமே."

எங்கள் வீட்டுப் படத்தில் நான் பெரியப்பாவுக்கு முன்னால், அவர் வயிற்றோடு ஒட்டி நிற்பேன். என் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம், பிரிய மனமில்லாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்று ஐம்பது வருடமாக நினைத்திருந்தேன். சொன்னதும் அம்மா என்னைப் பார்த்து இன்னும் சிரித்தார். தம்பிக்குத்தான் பெரிய சந்தோஷம். படத்தைக் கிழித்தவன் என்ற குறை போய், படத்தை உண்டாக்கியவன் ஆகிவிட்டான்.

"பிரிண்ட் வந்தப்ப பெரியப்பாதான் சொன்னாராம், நல்லது என் தம்பி வீட்டுக்கு இருக்கட்டும், கெட்டுப்போனது எனக்குப் போதும்னு" என்றார் அம்மா. "உறையில போட்டுக் கொண்டுபோயிட்டாங்க. நான் பாக்கவே இல்ல." போனை மடியில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு நல்லாச் சிரிக்கிறா பாரு" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, அம்மா கல்லூரியைப் பார்க்க வேண்டும் என்றார். டின்னைக் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வந்தார். மிஸ் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. அலுமாரிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். மூக்கை உள்ளே நீட்டி மோந்து பார்த்தார். அண்ணாந்து கூரையை நாலு மூலையும் பார்த்தார்.

"மழ பெஞ்சா எங்க ஒழுகும்?"

நான் ஒழுகாது என்று சொல்ல வாயெடுத்தேன். மிஸ் முந்திக்கொண்டார்.

"அந்த மூலையில ஒழுகிச்சும்மா. போன வருஷம் தகரம் மாத்துனோம். இருந்தாலும் அந்தப் பக்கம் அலுமாரி வைக்கிறதில்ல."

அம்மா தலையாட்டினார். எலி வருமா, சாவி யாரிடம் இருக்கும், மிஸ் மாற்றலாகிப் போனால் அடுத்தது யார், தனக்குப் பார்க்க வேண்டும் என்றால் யாரிடம் கேட்க வேண்டும், எல்லாம் விசாரித்தார். பதில்களை வாசல் வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தார். அடுத்த சனிக்கிழமை புதுப் பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தார்.

"ஒரிஜினல் ஒங்ககிட்ட இருக்கட்டும். காப்பிய நான் வச்சிக்கிறேன்" என்றார். "ஆனா துண்டுச் சீட்டு வேணும். கொழுந்து நிறுத்தாலே துண்டு குடுப்பாங்க."

மிஸ், ஏற்கெனவே அங்கே இருந்த கண்ணாடிப் படத்தையும் சேர்த்து, என்னென்ன பெற்றுக்கொண்டோம் என்று ஒன்றுவிடாமல் எழுதி, கல்லூரி முத்திரை குத்தி, சத்தமாக வாசித்துக் காட்டினார். கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் அம்மா நிறுத்தினார். மூன்று பெயரையும் எழுத வேண்டும் என்றார். மூன்றும் எழுதப்பட்டன. கடிதங்கள், கல்யாணப் பதிவு, அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், என் தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் தன் கையாலேயே எடுத்து மேசைக்கு மேல் வைத்தார். அம்மா ஒரு மேசைக்கு மேல் ஒரிஜினலை வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் பிரஜாவுரிமைச் சான்றிதழ் மட்டும் பெட்டியில் இருந்தது. அதையும் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு உறைக்குள் போட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"இது மட்டும் நான் போன பெறகு."

"ரொம்பச் சரிம்மா" என்றார் மிஸ்.

அதற்குப் பிறகு மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். எங்கள் லயத்திலிருந்து மூன்று வீடு, பிள்ளை மடுவத்தில் தங்கியிருந்த இரண்டு வீடு, பிறகு எனக்குத் தெரியாத தோட்டங்களிலிருந்தும். எல்லோரும் துண்டு கேட்டார்கள். மிஸ் இப்போது துண்டுப் புத்தகமே அச்சடித்து வைத்திருக்கிறார். அம்மா மாதத்தில் ஒரு நாள் டவுனுக்கு வரும்போது எங்கள் அறைக்கும் வருவார். படத்தைத் தொட வெள்ளைக் கையுறை கொடுத்தால், "தோட்டத்துல வேல வாங்கிற கண்டாக்கு மாதிரி இருக்கேன்ல" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பெரியப்பாவின் கடிதம் ஒன்றை நான் வாசிப்பேன். பிறகு மூன்று பேரும் பின்னறையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவோம்.

போன வாரம் கோத்தகிரி அக்கா வீடியோவில் பேசினார். பாஸ்போர்ட் எடுத்துவிட்டதாகவும், மார்கழி லீவுக்கு மகளோடு வரப்போவதாகவும் சொன்னார். பிறந்த லயத்தைப் பார்க்க வேண்டுமாம்.

"சித்தி, அந்தப் படத்த எடுத்துட்டு வரவா? அங்க காலேஜுல வச்சிடலாமா?" என்று கேட்டார்.

"வேணாம் தாயி, மழ தண்ணியில அத எதுக்குத் தூக்கிட்டு அலையிற" என்றார் அம்மா. "அது ஒன் வீட்டுச் சொவத்துலயே இருக்கட்டும். நீ வந்து சேரு."

தம்பி முன் காம்பராவுக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்திருக்கிறான். என்ன நிறம் என்பதில் அவனுக்கும் அம்மாவுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.